காட்டு மரமா, வெட்டுமரமா?

சென்ற மாதம் காங்கேயத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், மரம் வளர்ப்பது பற்றி உழவர்களுக்கு ஒரு பயிற்சிக் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்தவர் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நின்ற ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் கையில் கொடுத்திருந்த தாளும் மொழிபெயர்ப்புத்தான். பேச்சிலும் தாளிலும் ‘டிம்பர்’, அதாவது வேலைக்கென்று வெட்டிய மரம், வந்த இடத்திலெல்லாம் ‘காட்டு மரம்’ என்றே இருந்தது. காட்டு மரம் ஏற்றிச் செல்ல விதி, காட்டு மரத்தின் விலை.

எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் எழுந்தார். “ஏனுங்க, என் காட்டில் வேலியோரம் ஒரு வேம்பு நிற்கிறது. பேத்தி கல்யாணத்துக்குக் கட்டில் செய்ய வெட்டலாம் என்று வைத்திருக்கிறேன். அதுவும் இதில் சேருமுங்களா?” என்று கேட்டார்.

“அது இல்லைங்க, காட்டு மரம் என்றால் காட்டில் இருக்கிற மரம்” என்றார் மொழிபெயர்த்தவர்.

“நானும் அதைத்தானுங்களே சொல்கிறேன்” என்றார் பெரியவர்.

பெரியவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுவதும் அந்தச் சொல்லில் இருந்தது. இந்தச் சொல்லை இதற்கு முன் செய்தித்தாளிலும் அறிவிப்புப் பலகையிலும் எத்தனையோ தடவை பார்த்துப் பேசாமல் கடந்திருக்கிறேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அப்படிக் கடக்க முடியவில்லை.

கொங்கு நாட்டில் காடு என்றால் முதலில் மானாவாரி நிலம். கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், ஆற்று வாய்க்கால் பாய்ந்தால் வயல், மழையை நம்பியிருந்தால் காடு. சோளக்காடு, கடலைக்காடு, பருத்திக்காடு, மேக்காடு, வடகாடு. ‘அப்பா காட்டுக்குப் போயிருக்கிறார்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அவர் களை எடுக்கவோ ஆடு மேய்க்கவோ போயிருக்கிறார் என்று பொருள். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இதைக் கேட்டுத் திகைப்பதை நான் கண்டதுண்டு. யானையும் புலியும் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் இங்கே ‘மலைக்காடு’ என்போம், ‘வனம்’ என்போம், பல நேரம் வெறுமனே ‘மலை’ என்றே சொல்லிவிடுவோம்.

இதை வட்டாரக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் தொல்காப்பியத்தின் ‘மாயோன் மேய காடுறை உலகமும்’ என்ற அடியை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காடு முல்லை நிலம். ஆயர் வாழ்கிற, மாடு மேய்கிற, வரகு விளைகிற நிலம். காங்கேயம் வட்டாரத்தில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்துக்குள் ஒரு முறை நடந்து பாருங்கள். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை விரித்த வெள்வேல மரங்கள், அவற்றின் நிழலில் காங்கேயம் மாடுகள். முல்லையை ஏட்டில் தேட வேண்டியதில்லை. ஆகவே கொங்கு நாட்டான் காடு என்ற சொல்லைக் கெடுத்துவிடவில்லை, அதன் பழம்பொருளில் ஒன்றை விடாமல் வைத்திருக்கிறான். அடர்ந்த மரக்கூட்டம் என்ற பொருளும் அதே அளவு பழையது. குறள் அரணைப் பற்றிச் சொல்லும்போது ‘அணிநிழற் காடு’ என்று நிழலை அடையாகப் போட்டுத்தான் சொல்கிறது. எல்லாக் காட்டிலும் நிழல் உண்டென்றால் அந்த அடைக்கு வேலை இல்லை என்பது என் எண்ணம்.

ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஃபாரஸ்ட்’ என்பது வெளியே என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஊருக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் வெளியே அரசன் தன் வேட்டைக்கென்று ஒதுக்கிய நிலம் அது. இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் 1079-ல் ஒதுக்கிய ‘நியூ ஃபாரஸ்ட்’ இன்றும் இருக்கிறது. அதில் கணிசமான பகுதி மரமில்லாத புதர்வெளி. ஸ்காட்லாந்தில் மான் வேட்டைக்கென்று வைத்த ஃபாரஸ்டுகள் பலவற்றில் மரமே கிடையாது. ‘டிம்பர்’ பழைய ஆங்கிலத்தில் வீடு, கட்டடம் என்று பொருள்பட்டது, பிறகு கட்டடத்துக்கான மரமாயிற்று. அறையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘சிம்மர்’ அதன் உடன்பிறப்பு. ஒரு சொல் ஊருக்கு வெளியே பிறந்தது, மற்றது வீட்டுக்குள் பிறந்தது. இரண்டையும் ‘காடு’ என்ற ஒரே பட்டியில் அடைப்பது எப்படி?

இனி அந்தக் ‘காட்டு மரம்’. இதற்காக வாதாடுகிறவர்கள் மூன்று காரணம் சொல்கிறார்கள். முதலாவது, மரம் காட்டிலிருந்துதானே வருகிறது என்பது. கொங்கு நாட்டில் இதைச் சொல்ல எப்படி மனம் வருகிறது? எங்கள் வீடுகளின் கதவும் நிலையும் தோட்டத்து வேம்பு. மாட்டு வண்டிக்குக் கருவேலும் செக்குக்கு வாகையும் வேலியோரத்திலும் பள்ளத்தோரத்திலும் நின்றவை. ஓட்டு வீட்டுக் கைமரம் முக்கால்வாசி பனை. மலைக்காட்டுத் தேக்கு எங்கள் ஊர்களில் வசதி படைத்தவர்கள் வீட்டுக்குத்தான் வந்தது. எங்கே நின்றது என்பதை வைத்துப் பெயரிட்டால் இந்த மரமெல்லாம் டிம்பர் இல்லை என்றாகிவிடும். அதோடு ‘காட்டு’ என்று முன்னால் போட்டாலே தமிழில் வளர்க்கப்படாதது, அடங்காதது என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. காட்டுப்பன்றி, காட்டு மல்லி, காட்டாமணக்கு. அறுத்து இழைத்து அடுக்கி வைத்த பலகையைப் போய்க் காட்டு மரம் என்றால் அது பலகையா, பன்றியின் பங்காளியா?

இரண்டாவது காரணம், சட்டத்திலேயே அது வனப்பொருள் என்றுதான் இருக்கிறது என்பது. சட்டத்தைச் சரியாகப் படித்தால் அதுவே இவர்களுக்கு எதிராகப் பேசும். நம் மாநிலத்துக்குரிய 1882-ஆம் ஆண்டு வனச் சட்டமும் 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டமும் டிம்பருக்கு ஒரே விளக்கம்தான் தருகின்றன. விழுந்துவிட்ட அல்லது வெட்டி வீழ்த்தப்பட்ட மரமும், அறுத்ததோ செதுக்கியதோ குடைந்ததோ எதுவும் செய்யாததோ, எல்லா வகை மரத்துண்டும் டிம்பர். நிற்கும்வரை அது மரம், தரையில் விழுந்த நொடியில் டிம்பர். எந்த நிலத்தில் நின்றது என்ற கேள்வியே அந்த விளக்கத்தில் இல்லை. 1927 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வனப்பொருள் பட்டியலில் டிம்பரைச் சேர்க்கும்போது, காட்டில் கிடைத்தாலும் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்டாலும் இல்லாவிட்டாலும் என்று சொல்லியே சேர்க்கிறது. அதே பட்டியலில் கரியும் பிசினும் அரக்கும் இலுப்பைப் பூவும் இருக்கின்றன. வனப்பொருள் என்பது பெரிய கூடை, டிம்பர் அதில் ஒரு பொருள். கூடையின் பெயரைக் காய்க்கு வைக்கலாமா?

அதே 1927 சட்டம் டிம்பருக்கு விளக்கம் சொன்னதே தவிர, காடு என்றால் என்ன என்று சொல்லவில்லை. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் அந்தக் கேள்வி தீரவில்லை. கடைசியில் 1996 டிசம்பர் 12 அன்று, கோதவர்மன் என்பவர் தொடுத்த வழக்கில், காட்டுக்கு அகராதிப் பொருளைக் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு நாட்டின் காடுகளின் கதி அகராதியில் வந்து நிற்கிறது. சொல் விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுவேன்.

மூன்றாவது காரணம், வேறு தமிழ்ச்சொல் இல்லை என்பது. இதைச் சொல்கிறவர்கள் ஒரு மரக்கடைக்குள் போய் வரட்டும். எங்கள் ஊர் மரக்கடையில் வேப்பந்துண்டு ஒன்று இறங்கியபோது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அறுபட்ட முகத்தில் வெளிவட்டம் வெளுத்து இருந்தது, அது வெளிறு. உள்ளே செம்பழுப்பாக இறுகியிருந்தது வைரம். ஆசாரி அந்த வைரத்தில் கட்டைவிரலை வைத்து ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசவே வாயைத் திறந்தார். ‘அகக்காழனவே மரமென மொழிப’ என்ற தொல்காப்பிய நூற்பாவில் உள்ள காழ் இந்த வைரம்தான். உள்ளே வைரம் இருந்தால் மரம், வெளியே வைரம் இருந்தால் புல். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல்லாகிவிடும், ஆனாலும் பனங்கைமரம் எங்கள் கூரையைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியிருக்கிறது. அது தனிக் கதை.

கடைக்காரர் நூலைச் சுற்றிச் சுற்றளவு பார்த்தார். நான்கு அடி. அதை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பத்தடி நீளத்தால் பெருக்கினார். பத்துக் கன அடி. சுண்ணாம்புக் கட்டியால் அறுபட்ட முகத்தில் எழுதினார். எனக்கு அப்போதுதான் ஓர் உரைகல் கிடைத்தது. மொழிபெயர்க்கிறவர் தயங்கினால், முன்னால் இருப்பதை எதில் அளப்போம் என்று கேட்டுக்கொள்ளட்டும். ஏக்கரில் அளந்தால் காடு. கன அடியில் அளந்தால் டிம்பர். ஏக்கர் கணக்கில் பலகை வாங்கியவரும் இல்லை, கன அடிக் கணக்கில் சத்தியமங்கலம் காட்டை அளந்தவரும் இல்லை.

சொல்லுக்கு வருகிறேன். ‘மரக்கட்டை’ என்று சில பத்திரிகைகள் எழுதுகின்றன. சந்தனக் கட்டைக்கு அது பொருந்தும். மற்றபடி கட்டை என்றதும் விறகுதான் நினைவுக்கு வருகிறது, ஆளுயர உத்திரத்தைக் கட்டை என்றால் தச்சர் ஒப்பமாட்டார். மலையாளத்தில் ‘தடி’ என்கிறார்கள், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மரம் அறுக்கும் ஆலையின் பெயர்ப்பலகையில் அதைப் பார்க்கலாம். நல்ல சொல்தான், ஆனால் நம் பக்கம் தடி ஊன்றுகோலாகிவிட்டது. ‘தச்சுமரம்’ வேலைக்கு வாகான மரத்தைச் சொல்லும், வெட்டிப் போட்ட நிலையைச் சொல்லாது. எஞ்சுவது ‘வெட்டுமரம்’. அகராதிகளிலும் இது உண்டு. காற்றில் விழுந்த மரமும் இதில் அடங்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். விழுந்த மரத்தையும் வெட்டித்தானே வண்டியில் ஏற்றுகிறோம். நின்றிருந்தது எங்கே என்று கேட்காமல், இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பதை இந்தச் சொல் சொல்கிறது. சட்டம் சொல்வதும் அதுதான், ஆசாரி பார்ப்பதும் அதுதான்.

எதிர்த்திசையில் நடக்கும் குழப்பம் இதைவிட மோசம். வெட்டி விற்பதற்கென்றே மலைவேம்பை வரிசை பிடித்து நட்டுவிட்டு அதைக் ‘காடு வளர்ப்பு’ என்கிறார்கள். ஆறேழு ஆண்டில் ஒட்டுப்பலகை ஆலைக்குப் போகப்போகிற கன்றுகள் அவை. நடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, உழவனுக்கு வருமானம் வரட்டும். ஆனால் நட்டது தோப்பு. தென்னந்தோப்பு, மாந்தோப்பு என்று அழகான சொல் கையில் இருக்கிறது, தேக்கந்தோப்பு என்று சொல்ல நாக்கு ஏன் கூச வேண்டும்? பரப்பு ஒரு ஹெக்டேரைத் தாண்டி, மரக்கிளைகளின் விதான நிழல் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், யாருடைய நிலமானாலும் இந்திய வன அளவைத் துறை அதை வனப்பரப்புக் கணக்கில் சேர்க்கிறது. அந்தக் கணக்கில் பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் சேர்ந்துவிடும். அறிக்கையைத் தமிழாக்குகிறவர் அதைக் ‘காடு பெருகியது’ என்று எழுதிவிடுகிறார். படிக்கிறவர் ஆனைமலையில் சோலை பெருகியது என்று நினைத்து மகிழ்கிறார்.

அதே ஆனைமலையில் இருக்கும் டாப்சிலிப் என்ற ஊரின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய தேக்கை மலைச்சரிவில் சறுக்கிவிட்ட இடத்தின் உச்சி என்பதால் ஆங்கிலேயர் காலத்தில் வந்த பெயர் அது. அங்கே யானை இருக்கிறது, சோலை இருக்கிறது, பழங்குடிகளான காடர்களும் மலசர்களும் இருக்கிறார்கள். பெயர் மட்டும் வெட்டுமரத்தைப் பார்த்த கண்ணிலிருந்து வந்தது. சுற்றுலாப் போகிறவர்கள் யாரும் அந்தப் பெயருக்குப் பொருள் கேட்பதில்லை.

‘வேளாண் காடு’ என்ற சொல்லையும் விடுவதற்கில்லை. வயலோரத்தில் மரமும் சேர்த்து வளர்க்கும் முறைக்கு அரசுத் தாள்களில் வழங்கும் பெயர் இது. மற்ற மாவட்டங்களில் புரியலாம். கொங்கு உழவன் காதில் அது ‘வேளாண்மை செய்கிற வேளாண்மை நிலம்’ என்று விழுகிறது. ‘மரப்பயிர் வேளாண்மை’ என்று சொன்னால் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவரின் தாளை வாங்கி, ‘காட்டு மரம்’ என்று இருந்த இடங்களையெல்லாம் அடித்து ‘வெட்டுமரம்’ என்று எழுதிக் கொடுத்தேன். பதினோரு இடம் இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். “அப்படியென்றால் நிற்கிறவரைக்கும் என் வேம்புக்கு இந்தத் தாளில் ஒரு பேச்சும் இல்லைங்க. வெட்டி வண்டியில் ஏற்றும்போதுதான் கேட்டுக்கொள்ள வேண்டும், சரிங்களா?” என்றார். சரி என்றேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.