லேஅவுட் ரோடு யாருக்குச் சொந்தம்?

புறநகரில் மனை பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் எத்தனை அடியில் வரும், பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்பார்கள். "இந்த ரோடு அந்தப் பக்கம் எங்கே போய்ச் சேருது?" என்று கேட்பவர் குறைவு.

தமிழ்நாட்டில் மனைப்பிரிவுக்கு, அதாவது லேஅவுட்டுக்கு, 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி தருவது சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏ (பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற ஊர்களில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி ரோடு நீளும்போது அகலமும் கூட வேண்டும். இடம் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், ரோடு போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதில் பணம் கட்டலாம், அதற்கு மேல் நிலம்தான்.

ரோட்டையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து கொடுக்க வேண்டும். அதன்பின் அது புரமோட்டருடையதும் அல்ல, குடியிருப்போர் சங்கத்துடையதும் அல்ல, பொதுவழி. கேட் போட்டுப் பூட்டவோ, 'வெளியாட்கள் வரக்கூடாது' என்று போர்டு வைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஊர் வளர்ச்சிக்காக அரசு போட்ட மாஸ்டர் பிளானில் உள்ள ரோடு குறுக்கே போனால் அதற்கு இடம் விட்டே ஆக வேண்டும். அது இல்லாத இடத்தில் ஒவ்வொரு லேஅவுட்டும் தன் எல்லைக்குள்ளேயே ரோடு போட்டு முடித்துக்கொள்கிறது. எங்கள் தெருக்கோடியில் ஒரு காம்பவுண்டு சுவர். அதற்கு அந்தப் பக்கம் அடுத்த லேஅவுட்டின் தெரு, அதன் முனையில் பள்ளிக்கூடம். காலை மணி அடிப்பது வீட்டுக்குள் கேட்கும். பிள்ளைகளோ மெயின் ரோட்டுக்குப் போய், லாரிகளுக்கு நடுவே சுற்றித்தான் போக வேண்டும். ஊர் வளர வளர எல்லா வண்டியும் அந்த ஒரே மெயின் ரோட்டில்தான் வந்து விழுகிறது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அனுமதியில்லா மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் வந்த விதிகளும் ரோட்டை இருந்தபடியே ஏற்றுக்கொண்டன.

அதனால் முன்பணம் கொடுக்கும் முன் அனுமதி எண் உள்ள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ரோடு எல்லைக்கோடு வரை போகிறதா, நடுவில் ஒற்றை மனை போட்டு அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். முடிந்தால் பக்கத்து லேஅவுட் வரைபடத்தையும் அருகில் வைத்துப் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பது வில்லங்கச் சான்றில் தெரியும். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உள்ளாட்சியிடம் வரைபடம், தானப் பத்திரம் இரண்டின் நகலும் கேட்கலாம். வரைபடத்தில் ரோடாகக் காட்டிய இடத்தில் சுவர் நின்றால் அது ஆக்கிரமிப்பு. நகலோடு ஆணையரிடமோ ஊராட்சியிடமோ மனு கொடுங்கள். பக்கத்து நிலத்துக்காரரின் பட்டாவுக்குள் சுவர் இருந்தால் இந்த மனு எடுபடாது. அங்கே இனிமேல்தான் லேஅவுட் வரப்போகிறது என்றால், வரைபடம் அனுமதிக்குப் போவதற்குள் தெருக்காரர்கள் சேர்ந்து இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.