அறுகம்பேயில் அறை, வங்கியில் இலக்கம்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பேயில் சீசன் ஏப்ரல், மே மாதமளவில் தொடங்கி ஒக்டோபர் வரை போகும். அலைச்சறுக்க வருகிற வெளிநாட்டவர்கள் பல மாதங்களுக்கு முன்பே அறை பிடித்துவிடுவார்கள். பிடித்தவர் எல்லோரும் வந்து சேர்வதில்லை. ஓகஸ்டில் ஓர் அறை சும்மா கிடந்தால், பக்கத்துப் பொத்துவிலில் நாலைந்து அறை வைத்திருப்பவருக்கு அது பெரிய இழப்பு. அதனால்தான் சில சின்ன விடுதிகளில் முன்பதிவின்போதே கடனட்டை விபரத்தைக் கேட்டு வாங்கி வைக்கிறார்கள். வட்ஸ்அப்பில் கார்டின் படம், இல்லாவிட்டால் கொப்பியில் எழுதிய இலக்கம். அவர்களின் தேவை நியாயமானது, ஆனால் இந்த வழி ஆபத்தானது. கார்ட் இலக்கம் விடுதிக்குத் தெரியாமலேயே அந்தத் தேவையை நிறைவேற்ற முடியும்.

கார்டில் பெரும்பாலும் 16 இலக்கங்கள் இருக்கும். முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள், வழங்கிய வங்கி எது என்று சொல்லும். கடைசி இலக்கம், மற்றவற்றைப் பிழையில்லாமல் அடித்தோமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு; ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களில் வகுத்த முறை அது. பின்பக்கத்து மூன்று இலக்கங்கள், கார்டை வைத்திருப்பவர்தான் கேட்கிறார் என்பதற்கு அடையாளம். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே போனில் கிடந்தால், அந்தப் போன் யார் கையில் போகிறதோ அவர் இணையத்தில் பொருள் வாங்கிப் பார்க்கலாம்.

முறையான வழி இப்படி வேலை செய்கிறது. விடுதியின் இணையத்தளத்தில் விருந்தினர் திகதியையும் அறையையும் தெரிவு செய்கிறார். பணம் கட்டும் கட்டத்தில் திரையில் வருகிற படிவத்தை, வங்கியோ அதோடு இணைந்த கட்டண நிறுவனமோ தன் சேர்வரிலிருந்து அனுப்புகிறது. அவர் அடிக்கும் இலக்கங்கள் மறைகுறியாக்கப்பட்டு நேரே அங்கே போகின்றன. கார்டை வழங்கிய வங்கி, தேவையென்று கண்டால், அவருடைய போனுக்கு ஓடிபி அனுப்பி இவர்தானா என்று உறுதி செய்துகொள்ளும். விடுதிக்கு வந்து சேர்வது கார்டின் முழு இலக்கம் அல்ல; கார்ட் சரி என்ற பதிலும், கார்ட் இலக்கத்துக்குப் பதிலாக நிற்கும் ஒரு டோக்கனும்தான்.

மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்தன்று சைக்கிளை விட்டுவிட்டு வாங்கும் துண்டு மாதிரித்தான் இந்த டோக்கன். துண்டில் உள்ள இலக்கத்தை வைத்துச் சைக்கிளைப் பற்றி எதுவும் அறிய முடியாது. ஆனால் துண்டைக் கண்டெடுத்தவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடலாம். டோக்கனில் அது நடக்காது. அந்த விடுதிக்குக் கொடுத்த இரகசியச் சாவியோடு கேட்டால்தான் கட்டண நிறுவனம் டோக்கனை ஏற்கும். எடுக்கிற பணமும் அந்த விடுதியின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும்.

சாதாரணக் கடையில் இல்லாத ஒரு சிக்கல் முன்பதிவில் உண்டு. மார்ச்சில் பதிந்தவர் ஜூலையில்தான் வருவார். பணத்தை எடுக்காமல் கார்டில் பிடித்து வைக்கலாம் என்றால், அந்தப் பிடி சில நாட்களில், மிஞ்சினால் ஒரு மாதமளவில், தானாகவே விட்டுவிடும். ஆகவே பதியும் நாளில் எதுவும் எடுக்காமல், கார்ட் செல்லுபடியாகிறதா என்று மட்டும் பார்த்து டோக்கனைச் சேமிக்கிறார்கள். இரத்துச் செய்வதற்கான கெடு தாண்டியும் ஆள் வராவிட்டால், அதைக் கொண்டு பணம் எடுக்கலாம். எவ்வளவு, எப்போது எடுப்போம் என்பதைப் பதியும்போதே காட்டிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் தன் வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திருப்பி எடுத்துவிடுவார். கார்டில் பணம் இல்லையென்று வங்கி மறுக்கவும் கூடும். ஆனால் கொப்பியில் இலக்கம் இருந்தாலும் அதே நிலைதான்.

கார்ட் நிறுவனங்களின் பொதுவான பாதுகாப்பு விதிகளுக்கு பிசிஐ டிஎஸ்எஸ் என்று பெயர், 2004இல் வந்தவை. பணம் எடுக்க அனுமதி கிடைத்த பின் அந்த மூன்று இலக்கங்களை எந்த வியாபாரியும் சேமிக்கக் கூடாது, மறைகுறியாக்கிக்கூட வைக்கக் கூடாது என்கிறது அது. இந்தக் கறாருக்குக் காரணம் இருக்கிறது. 2018இல் பிரிட்டிஷ் எயர்வேஸின் கணினிகளுக்குள் நுழைந்தவர்களுக்கு, கார்ட் விபரங்கள் வெறும் எழுத்தாக எழுதப்பட்டுக் கிடந்த கோப்புகள் அகப்பட்டன. பெரும்பாலானவற்றில் அந்த மூன்று இலக்கங்களும் இருந்தன. சோதனைக்கு மட்டும் என்று வைத்த ஒரு வசதியை அணைக்க மறந்ததால் 2015 டிசம்பரிலிருந்து அது எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்புறம் நுழைந்தவர்கள் இணையத்தளத்தின் நிரலையே மாற்றி, பயணிகள் அடிக்கும் இலக்கங்களின் பிரதி தங்களுக்கும் வரும்படி செய்தார்கள். 2020இல் அந்த நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 20 மில்லியன் பவுண். அவ்வளவு பெரிய நிறுவனத்தாலேயே காக்க முடியாததை மேசை லாச்சியில் கிடக்கும் கொப்பி காக்காது.

வங்கியின் படிவத்தைப் பயன்படுத்தினாலும் ஒரு கதவு திறந்தேயிருக்கும். விடுதியின் தளத்துக்குள் நுழைந்தவர், வங்கிப் பக்கம் வரவேண்டிய இடத்தில் ஒரு போலியைக் காட்டலாம். தளத்தின் கடவுச்சொல்லையும் மென்பொருள் புதுப்பிப்பையும் அலட்சியம் செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

இணையத்தளமே இல்லாத இரண்டறை வீடு என்றால்? வங்கியோ கட்டண நிறுவனமோ தரும் கட்டண இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பலாம். விருந்தினர் தொட்டதும் அதே பாதுகாப்பான பக்கம்தான் திறக்கும். கேட்காமலே கார்டின் படத்தை அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதை வட்ஸ்அப்பில் மட்டும் அழித்தால் போதாது. போனின் கெலரியிலும் கூகிளில் சேரும் காப்புப் பிரதியிலும் அது இருக்கக்கூடும். அங்கேயும் பார்த்து அழித்துவிட்டு, அவருக்கு இணைப்பை அனுப்புங்கள்.