பத்து பவுண்டு டிக்கெட்டும் தங்கையின் பிறந்த தேதியும்

லண்டனில் ஒரு நாடக அரங்கின் டிக்கெட் கவுன்டரில் வேலை செய்கிறேன். போன சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஒரு தமிழ்க் குடும்பத்தை வாசலில் இருந்து என்னிடம் அனுப்பி வைத்தார்கள். அம்மா, அப்பா, வேலைக்குப் போகும் மகன், பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும் மகள். நான்கு பேரிடமும் 10 பவுண்டு இளையோர் டிக்கெட், 25 வயது வரை உள்ள உறுப்பினர்களுக்கென்று தருவது. மகள் தன் கணக்கில் இரண்டும், தோழியின் கணக்கில் இரண்டும் எடுத்திருக்கிறாள். அவளுக்கு 19 வயது. மற்ற மூவரும் 25ஐத் தாண்டியவர்கள்.

அந்த அம்மா என் பேட்ஜில் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார். "பிள்ளை மெம்பர்தானே? அவளின்ர பேரிலதானே புக் பண்ணினது? தமிழ்ப்பிள்ளைதானே நீங்கள், ஒருக்கா விடுங்கோவன்."

விட முடியவில்லை. முழு விலை 65 பவுண்டு. ஆளுக்கு 55 பவுண்டு வித்தியாசம், மூன்று பேருக்கு 165. அம்மாவுக்கு மட்டும் கட்டினார்கள். அப்பாவும் அண்ணனும் மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். அந்தப் பெண் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு ஒரு சந்தோஷம் ஏற்பாடு செய்ததாக நினைத்திருந்தவள் அவள்தான். இப்படி அனுப்பிவைப்பது எனக்கு இது முதல் தடவை அல்ல. எங்கள் ஆட்களே திரும்பத் திரும்ப இதில் மாட்டுவதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. இந்த நகரத்தில் இளைஞர்களுக்கு நாடகம் நிஜமாகவே மலிவு. பார்பிகன் மையத்தின் 'யங் பார்பிகன்' 14 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு. சேர்வது இலவசம், டிக்கெட் 5, 10, 15 பவுண்டு. நேஷனல் தியேட்டரில் 16 முதல் 25 வரை உள்ளவர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது, அதற்கும் சந்தா கிடையாது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 14–25 வயதினருக்கு 10 பவுண்டு டிக்கெட் கொடுக்கிறது. கோவென்ட் கார்டனில் ராயல் பாலே அண்ட் ஓபராவின் இளையோர் உறுப்பினர்களுக்கு 30 பவுண்டு டிக்கெட். நூற்றுக்கணக்கான பவுண்டு விலை போகும் சீட்டுகள் உள்ள அரங்கம் அது. இங்கிலிஷ் நேஷனல் ஓபராவில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவச டிக்கெட்டே உண்டு. இவ்வளவும் இருக்கிறது என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்.

என்னை மிகவும் வதைக்கும் எண்ணம் இதுதான்: 'வீட்டில் ஒருவர் உறுப்பினராக இருந்தால் எல்லோருக்கும் அந்த விலை.' தயவுசெய்து இதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். சூப்பர் மார்க்கெட் கார்டை வீட்டில் யார் நீட்டினாலும் தள்ளுபடி விழும். அங்கே தள்ளுபடி பொருளுக்கு. இங்கே தள்ளுபடி அந்த சீட்டில் உட்காரப்போகும் ஆளின் வயதுக்கு. யார் பணம் கட்டினார், யாருடைய மின்னஞ்சலுக்கு டிக்கெட் வந்தது, யார் பெயரில் கணக்கு இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்கு இரண்டாம் பட்சம். உறுப்பினர் இரண்டு டிக்கெட் எடுக்கலாம் என்று எங்கள் அரங்கம் அனுமதிப்பது, அதே வயது வரம்புக்குள் உள்ள ஒரு நண்பரை அழைத்துவர. அப்பாவை அழைத்துவர அல்ல. துணைக்கு வருபவர் எந்த வயதிலும் இருக்கலாம் என்று சொல்லும் அரங்கங்களும் உண்டு. அது ஒவ்வோர் இடத்துக்கும் மாறும். டிக்கெட் எடுக்கும் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள், ஒரு நிமிடம் செலவழித்துப் படியுங்கள். 'போன மாதம் வேறொரு தியேட்டரில் விட்டார்களே' என்ற வாதம் என் கவுன்டரில் எடுபடாது.

இன்னொன்றும் கேட்பார்கள்: "சீட் காலியாத்தானே கிடக்கு, உட்கார்ந்தா என்ன குறைஞ்சிடும்?" குறையும். அந்தப் 10 பவுண்டுக்கும் முழு விலைக்கும் நடுவில் இருக்கும் துண்டை யாரோ ஏற்கிறார்கள். சில இடங்களில் அரங்கமே, சில இடங்களில் நன்கொடையாளர், சில இடங்களில் ஒரு நிறுவனம். இளைஞர்கள் உண்மையிலேயே வந்தார்கள் என்று அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இவை நிரந்தரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2009 பிப்ரவரியில், கலைகளுக்கு அரசு நிதியைப் பகிர்ந்தளிக்கும் ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாடெங்கும் இலவச நாடக டிக்கெட் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2011 மார்ச்சில் அது முடிந்துபோனது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் பழைய 5 பவுண்டு டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது பிபி எண்ணெய் நிறுவனம். பருவநிலை மாற்றத்துக்காகப் போராடிய பள்ளி மாணவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2019இல் அந்த உறவை நாடகக் குழு முறித்துக்கொண்டது. அதற்கான காரணம் நியாயமானது. ஆனால் மலிவு டிக்கெட் என்பது எங்கிருந்தோ தானாக வருவதில்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. ஐம்பது வயதுக்காரர் உட்கார்ந்த சீட் எங்கள் கணக்கில் 19 வயது இளைஞராகப் பதிவாகிறது. அடுத்த முறை அந்தக் கணக்கை யாராவது கிண்டினால் திட்டத்துக்கே கேடு.

அடுத்த குழப்பம் மாணவர்களுடையது. சென்னையிலோ கோவையிலோ ஐந்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே மாஸ்டர்ஸ் படிக்க வருகிறார்கள். வயது 28, 29. "ஸ்டூடண்ட்தான் அக்கா, ஐடி இருக்கு" என்று பல்கலைக்கழக அட்டையை நீட்டுகிறார்கள். தம்பி, மாணவர் சலுகை வேறு, இளையோர் திட்டம் வேறு. முன்னதற்குப் படிப்பு போதும். பின்னதற்குப் பிறந்த தேதிதான் எல்லாம். 22 வயதில் படிப்பை முடித்து டெலிவரி வேலை பார்ப்பவருக்கு இளையோர் டிக்கெட் உண்டு. 29 வயதில் முழுநேரம் படிப்பவருக்கு இல்லை. '16 முதல் 25' என்றால் 26ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை. எங்கள் அரங்கில் டிக்கெட் எடுத்த நாளின் வயதைப் பார்ப்பதில்லை, காட்சி நடக்கும் நாளின் வயதைத்தான் பார்ப்போம். ஆறு மாதம் முன்கூட்டி எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடையாள அட்டை விஷயத்தில் நம் மாணவர்களுக்கு ஒரு புதிய சிக்கல் வந்திருக்கிறது. முன்பெல்லாம் பர்ஸில் பிஆர்பி என்ற குடியிருப்பு அனுமதி அட்டை இருக்கும், அதை நீட்டினால் முடிந்தது. 2024 டிசம்பர் 31ஓடு அந்த அட்டைகள் காலாவதியாகி எல்லாம் இணையத்தில் மட்டும் இருக்கும் ஈ-விசா ஆகிவிட்டன. பல்கலைக்கழக அட்டையில் பெரும்பாலும் பிறந்த தேதி இருக்காது. பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு டியூப் ரயிலில் வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், தொலைத்தால் படும் பாடு எனக்குத் தெரியும். போனில் உள்ள பாஸ்போர்ட் படத்தை எங்கள் அரங்கம் ஏற்பதில்லை. ஆகவே வந்த புதிதிலேயே கார் ஓட்டப் பழகுவோருக்கான புரொவிஷனல் டிரைவிங் லைசன்ஸ் ஒன்று எடுத்துவிடுங்கள். கார் ஓட்டும் எண்ணமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இணையத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண்டு. குறைந்தது 185 நாள் இங்கே தங்க அனுமதி உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் 'பாஸ்' ஹோலோகிராம் உள்ள வயதுச் சான்று அட்டை, சிட்டிசன்கார்டு மாதிரி, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்பவரின் ஸ்கேனரைப் பலர் சாதாரண இயந்திரம் என்று நினைக்கிறார்கள். முழு விலை டிக்கெட்டுக்குப் பச்சை வரும். இளையோர் டிக்கெட்டுக்கு எங்களிடம் மஞ்சள், கூடவே 'ஐடி' என்று இரண்டு எழுத்து. ஏற்கெனவே ஒருமுறை ஸ்கேன் ஆன பார்கோடு என்றால் சிவப்பு. முதலில் எத்தனை மணிக்கு, எந்த வாசலில் ஸ்கேன் ஆனது என்பதும் கீழே வந்து நிற்கும். '18:52, ஸ்டால்ஸ் (கீழ்த்தள இருக்கைகள்) இடது' என்று. அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது?

இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்றால், மாணவர் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து. 'என்னிடம் மெம்பர் டிக்கெட் இருக்கிறது, வர முடியவில்லை, 25 பவுண்டுக்குத் தருகிறேன்.' 10 பவுண்டு டிக்கெட்டை 25க்கு விற்பவர் அதே ஸ்கிரீன்ஷாட்டை மூன்று பேருக்கு அனுப்பியிருப்பார். முதலில் வருபவர் உள்ளே போவார், மற்ற இருவரும் என் முன்னால் வந்து அழுவார்கள். ஒருவேளை டிக்கெட் உண்மையானதாகவே இருந்தாலும், உறுப்பினர் டிக்கெட்டை விற்பது எங்கள் விதிப்படி அதை ரத்து செய்யப் போதுமான காரணம். வாங்கியவருக்கும் நஷ்டம், விற்றவரின் கணக்கும் முடக்கம். குழுவில் யாரோ தெரிந்த அண்ணா என்பதற்காக நம்பாதீர்கள். அந்த அண்ணாவை நீங்கள் நேரில் பார்த்ததுகூட இருக்காது.

'ஏமாந்தால் பேங்க் பணம் தரும்' என்று சொல்பவர்களுக்கு: கிரெடிட் கார்டில் வாங்குபவர்களுக்குப் பாதுகாப்பு தரும் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குத்தான் பொருந்தும். 10 பவுண்டு டிக்கெட் அதற்குள் வராது. கார்டில் கட்டியிருந்தால் 'சார்ஜ்பேக்', அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது, கேட்டுப் பார்க்கலாம். அறியாத ஒருவரின் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பியிருந்தால் அந்த வழியும் இல்லை. 'ஆன்லைனில் வாங்கினால் 14 நாளில் ரத்து செய்யலாமே' என்றும் கேட்கிறார்கள். 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் அந்த 14 நாள் உண்மைதான், ஆனால் குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்கு அது விதிவிலக்கு. காட்சியை அரங்கமே ரத்து செய்தால் பணம் திரும்ப வரும். உங்களுக்கு வர முடியாமல் போனால் வராது.

திட்டமே போலி என்று நினைத்து விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் வருந்துகிறேன். லாகின் செய்யாமல் பார்த்தால் இளையோர் விலை பல தளங்களில் கண்ணில் படாது, 65 பவுண்டுதான் தெரியும். சில இடங்களில் வயதைச் சரிபார்த்த பிறகுதான் கணக்கு திறக்கும், அதற்கு நேரம் பிடிக்கலாம். டிக்கெட் திறக்கும் நாள் காலையில் பதிவு செய்ய உட்காராதீர்கள். முன்னதாகவே சேர்ந்து, உள்ளே நுழைந்து, பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். மாதமும் நாளும் இடம் மாறிப் பதிந்து தவித்தவர்கள் உண்டு. கணக்கு பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும். அப்பாவின் மின்னஞ்சலில் மூன்று பிள்ளைகளையும் சேர்க்க முயலாதீர்கள், பெற்றோரே. 16 வயதுப் பிள்ளை தனியாக வந்து ஒரு நாடகம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும். விட்டுத்தான் பாருங்கள்.

இதைச் சொல்லும்போது கோபம் இல்லை, கெஞ்சலாகவே சொல்கிறேன்: ஐந்து பவுண்டுதானே என்று எடுத்துவிட்டு வராமல் இருக்காதீர்கள். ஒரு காட்சிக்கு இளையோருக்கென ஒதுக்கும் சீட்டுகள் கொஞ்சம்தான். மழை, சோர்வு, நண்பன் வரவில்லை என்று நீங்கள் படுத்துவிட்டால், அந்த இரவு அதே சீட்டுக்காகக் காத்திருந்த இன்னொரு பிள்ளைக்கு அது கிடைக்காது. மேடையிலிருந்து பார்த்தால் வெற்று நாற்காலி பளிச்சென்று தெரியும் என்று நடிகர்கள் சொல்வார்கள். வர முடியாது என்று தெரிந்த உடனே எங்களிடம் சொல்லுங்கள். பணம் வராவிட்டாலும் சீட் யாருக்காவது போகும். எங்கள் அரங்கில் சொல்லாமல் பலமுறை வராதவர்களின் கணக்கை நிறுத்திவைக்கிறோம். அதைச் செய்ய எனக்குப் பிடிக்கவில்லை.

25ஐத் தாண்டியவர்கள் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஷேக்ஸ்பியர்ஸ் குளோபில் ஒரு காட்சிக்கு 700 நிற்கும் இடங்கள், விலை 5 பவுண்டிலிருந்து தொடங்கும், எந்த வயதினருக்கும். கூரை கிடையாது, குடை விரிக்கவும் விடமாட்டார்கள், மழைக்கோட்டு அவசியம். லெஸ்டர் ஸ்கொயரில் 1980 முதல் டிகேடிஎஸ் (TKTS) என்ற டிக்கெட் சாவடி இருக்கிறது, குறைந்த விலைக்கு நல்ல சீட் கிடைக்கும். நேஷனல் தியேட்டரில் வெள்ளிக்கிழமை மதியம் 1 மணிக்குச் சலுகை டிக்கெட்டுகளை இணையத்தில் திறக்கிறார்கள், அதற்கும் வயது வரம்பு இல்லை. அன்றன்று காலை விற்கும் 'ரஷ்' டிக்கெட்டுகள், தூண் மறைக்கும் சீட்டுகள், முதல் சில நாள் முன்னோட்டக் காட்சிகள் என்று வழிகள் இருக்கின்றன. அந்த அப்பாவும் அண்ணனும் முன்பே கேட்டிருந்தால் மேல் மாடத்தில் 20 பவுண்டுக்கு நானே இரண்டு இடம் பார்த்துக் கொடுத்திருப்பேன்.

இப்போது யாரிடமாவது தவறான டிக்கெட் கையில் இருந்தால் காட்சி நாள் வரை காத்திருக்காதீர்கள். கவுன்டர் திறந்ததும் போன் செய்து, 'என் தங்கை கணக்கில் எடுத்துவிட்டோம், எனக்கு 31 வயது' என்று உள்ளதைச் சொல்லுங்கள். காலை 10 மணிக்குப் பேசினால் மலிவான வேறு இடத்துக்கு மாற்றித் தர என்னிடம் நாள் முழுக்க நேரம் இருக்கும். மாலை 7.10க்கு, வரிசை வாசல் வரை நிற்கும்போது, முழு விலை மட்டும்தான் இருக்கும்.