குழாய் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம்

ஒரு நகராட்சியின் குடிநீர்க் குழாய் வரைபட வேலையில் இருந்தபோது, ஒருநாள் மாலை ஐந்தரை மணிக்குப் போன் வந்தது. கேபிள் பதிக்கத் தோண்டிய ஜேசிபி, 300 மி.மீ. மெயின் லைனை உடைத்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்கத் தண்ணீர். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் பதற்றத்தோடு கைப்பேசியை நீட்டினார். "பாருங்க சார், குழாய் அந்தப் பக்கம்னுதானே இதுல இருக்கு. அதனாலதான் இந்தப் பக்கம் தோண்டினோம்." செயற்கைக்கோள் படத்தின் மேல், சாலையின் மேற்கு ஓரமாக ஒரு நீலக் கோடு ஓடியது. குழாயோ கிழக்கு ஓரத்தில் உடைந்து கிடந்தது.

கோடு எங்கள் அலுவலகத்திலிருந்து போனதுதான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. நிறமும் தடிமனும் நாங்கள் வைத்தவை. இடம்தான் நாங்கள் வைத்ததில்லை. இரண்டு நாள் விசாரித்தபிறகு நடந்தது புரிந்தது. இரண்டு வருடம் முன்பு ஓர் ஆய்வுக் கூட்டத்துக்காக மெயின் லைன்களை, கூகுள் எர்த்தில் திறக்கிற கேஎம்இசட் கோப்பாக எடுத்துக் கொடுத்திருக்கிறோம். அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அக்கறையுள்ள பொறியாளர் ஒருவர் திறந்து பார்த்தபோது, கோடு வீடுகளின் மேல் ஓடுவதுபோல் தெரிந்திருக்கிறது. தப்பாக இருக்கிறதே என்று கோட்டைப் பிடித்து இழுத்து ரோட்டின் நடுவில் விட்டிருக்கிறார். உண்மையில் நகர்ந்திருந்தது படம். அந்தத் தெருவின் அன்றைய செயற்கைக்கோள் படம் நாலைந்து மீட்டர் மேற்கே தள்ளி உட்கார்ந்திருந்தது. பிறகு வந்த புதுப் படம் சரியாக உட்கார்ந்தது. இழுத்துவிட்ட கோடு மட்டும் மேற்கு ஓரத்தில் நின்றுவிட்டது.

அந்தப் பொறியாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கண்ணுக்கு முன்னால் வீடும் மரமும் தெளிவாகத் தெரியும்போது யாரும் படத்தைத்தான் நம்புவார்கள். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கணினியில் கூகுள் எர்த் ப்ரோவைத் திறந்து, உங்கள் ஊர்க் கோயில் குளத்தின் படிக்கட்டு மூலையில் ஒரு பின் குத்துங்கள். அப்புறம் பழைய படங்களைக் காட்டும் காலப்பட்டையை ஒவ்வொரு வருடமாக நகர்த்துங்கள். பல ஊர்களில் பின் அங்கேயே நிற்க, குளம் இப்படியும் அப்படியும் நகர்வதைக் காண்பீர்கள். மேல்நிலைத் தொட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உயரமான கட்டடங்கள் படம் எடுத்த கோணத்துக்கு ஏற்பச் சாய்ந்து தெரியும். தரைமட்டத்தில் இருப்பதுதான் இதற்குச் சரி. வழி கண்டுபிடிக்க இந்தப் படம் தாராளமாகப் போதும். பள்ளம் தோண்டப் போதாது.

இத்தனைக்குப் பிறகும், அலுவலக ஜிஐஎஸ் என்ற கணினி வரைபட அமைப்பையும் மக்கள் கையில் இருக்கும் வரைபடங்களையும் இணைத்தே ஆகவேண்டும் என்றுதான் சொல்வேன். கூகுள் மேப்ஸ், கூகுள் எர்த் இரண்டும் 2005-இல் வந்தன. அதுவரை வரைபடம் எங்கள் அறைக்குள் பூட்டிக் கிடந்தது. விலை உயர்ந்த மென்பொருள், இரண்டு மூன்று லைசென்ஸ், பயிற்சி பெற்ற ஓரிருவர். விடிகாலையில் வால்வு திறக்கப் போகும் ஃபிட்டருக்கு அந்த அறையால் ஒரு பயனும் இல்லை. அவருக்குக் கைப்பேசியில் மேப் பார்க்கத் தெரியும். அங்கே நாம்தான் போய்ச் சேர வேண்டும். கோப்பை அனுப்பிவிட்டு மறந்துபோவதில்தான் தவறு நடக்கிறது. அனுப்பிய நிமிடத்திலிருந்து அந்தக் கோப்புக்கு வயதாகிறது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம், எது அசல் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

உடைப்புக்குப் பிறகு எங்கள் ஏற்பாட்டை மாற்றினோம். அசல் தரவு, இடத் தகவலைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் டேட்டாபேஸில் மட்டும். திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு. அதிலிருந்து வெளியே காட்ட வேண்டிய லேயர்களை, அதாவது தகவல் அடுக்குகளைத் தனியாகப் பிரித்து, ஜியோசர்வர் என்ற மென்பொருள் வழியாக, பார்க்க மட்டும் முடிகிற வலைப் பக்கமாகக் கொடுத்தோம். அடியில் மக்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், மேலே எங்கள் கோடுகள். கூகுள் எர்த்தில்தான் பார்ப்பேன் என்பவர்களுக்கு நெட்வொர்க் லிங்க் உள்ள ஒரு சின்னக் கேஎம்எல் கோப்பு (கேஎம்இசட்டின் சுருக்காத வடிவம்). அதற்குள் கோடு கிடையாது, சர்வரின் முகவரி மட்டும்தான். திறக்கும்போதெல்லாம் அன்றைய நிலவரம் வந்து விழும். லேயரின் பெயரிலேயே தேதியும், "தோண்டும் முன் அலுவலகத்தைக் கேட்கவும்" என்ற வரியும் இருக்கும்.

ஃபிட்டர்களுக்குப் பிடித்தது இதைவிட எளிய ஒன்று. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு இணைப்பு. தொட்டால் அவர்கள் கைப்பேசியில் உள்ள மேப் திறந்து அந்த இடத்துக்கு வழிகாட்டும். வெளியே போவது ஒரு புள்ளியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டுமே. புதிதாக வந்த ஃபிட்டர் யாரையும் எழுப்பாமல் வால்வைத் தேடிப் போக முடிந்தது.

அலுவலகத் தரவை வெளி வரைபடங்களோடு இப்படிச் சேர்ப்பதில் கணக்குப் பிழைகளுக்கும் பஞ்சமில்லை. கேஎம்எல் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும். கூகுள் மேப்ஸ் தேடல் பெட்டியில் அட்சரேகை முதலில். மாற்றிப் போட்டால் சென்னை, ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் போய் விழும். யூடிஎம் என்பது பூமியை ஆறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை. அதன் மண்டல எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டின் நடுவே போகிறது. கோவை 43-ஆம் மண்டலம்; மதுரை, சேலம், சென்னை 44. தவறான மண்டலத்தைக் கொடுத்தால் ஊரே சுமார் 650 கி.மீ. தள்ளிப் போகும். இவை பெரிய பிழைகள், உடனே கண்ணில் படும். நான் அஞ்சுவது சின்னப் பிழைகளுக்குத்தான். பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கான எவரெஸ்ட் நீள்வட்டத்தை வைத்து வரைந்த பழைய டோபோஷீட்டை (நிலவரைபடத் தாளை), ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணக்குக்கு மாற்றாமல் ஏற்றினால், நம் பகுதியில் நூறு, இருநூறு மீட்டர் விலகும். அடுத்த தெருவோடு அது பொருந்திப் போய்விட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

இன்னொன்று பணம் சம்பந்தப்பட்டது. இணைய வரைபடங்கள் பெரும்பாலும், உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் வெப் மெர்கேட்டர் புரொஜெக்ஷனில் இருக்கும். இபிஎஸ்ஜி என்ற புரொஜெக்ஷன் பட்டியலில் அதன் எண் 3857. அதில் பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக நீளம் இழுபடும். கூகுள் மேப்ஸின் அளக்கும் கருவி பூமியின் வளைவைக் கணக்கில் எடுப்பதால் அதில் சிக்கல் இல்லை. நம் லேயரை 3857-லேயே வைத்துக்கொண்டு நம் மென்பொருளில் தட்டையாக அளந்தால், சென்னையில் 10 கி.மீ. குழாய் 10.27 கி.மீ. ஆகும், 1,000 சதுர மீட்டர் நிலம் 1,054 ஆகும். டெல்லியில் நீளமே கிட்டத்தட்ட 14 சதவீதம் கூடும். சாலை சீரமைப்புக் கட்டணத்தை மீட்டருக்கு இவ்வளவு என்று கட்டுகிற இடத்தில், இது நேராக மக்கள் வரிப்பணம். காட்டுவதற்கு 3857, அளப்பதற்கு யூடிஎம் என்று பிரித்து வைத்துவிடுங்கள்.

சரி, எதை வெளியே அனுப்பக்கூடாது? இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வேறோர் ஊரில், வீட்டுக் குடிநீர் இணைப்புகளைக் குறித்த வரைபடம் ஒன்று "லிங்க் உள்ளவர் யாரும் பார்க்கலாம்" என்ற அமைப்பில் மாதக்கணக்கில் திறந்து கிடந்தது. ஒரு புள்ளியைத் தொட்டேன். பெயர், கதவு எண், கைப்பேசி எண், பாக்கித் தொகை. இன்னொன்றைத் தொட்டேன், அதிலும் அப்படியே. எக்செல் தாளை அப்படியே ஏற்றியிருந்தார்கள். தனியாக வசிக்கும் ஒரு பெண்ணின் பெயரும் வாசலும் எண்ணும் ஒரே இடத்தில் கிடைப்பது என்றால் என்னவென்று நினைத்துப் பாருங்கள். பெயர் இல்லாத தரவும் பேசும். 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்ட வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்கள் வழியாக ராணுவ முகாம்களின் அமைப்பே தெரிந்துபோனது. அதனால் வெளியே போகும் லேயரில் எந்தெந்தத் தகவல் இருக்கலாம் என்று முதலில் எழுதி வையுங்கள். பட்டியலில் இல்லாதது போகக்கூடாது. அரசு விதியும் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவிசார் தரவு வழிகாட்டுதலின்படி, கிடைமட்டத்தில் ஒரு மீட்டரைவிடத் துல்லியமான தரவை இந்திய நிறுவனங்களே உருவாக்கி வைத்திருக்கலாம், சேமிப்பும் செயலாக்கமும் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். துல்லிய சர்வே செய்த குழாய்க்கோட்டை இலவசத் தளத்தில் ஏற்றுமுன் இதை யோசியுங்கள். இலவசச் சேவை நாளைக்கும் இருக்கும் என்ற உறுதியும் இல்லை; கூகுள் ஃப்யூஷன் டேபிள்ஸ் 2019 டிசம்பரில் மூடப்பட்டது.

உள்ளிருந்து வெளியே ஒரு வழி வைத்தால், வெளியிலிருந்து உள்ளே வரவும் ஒரு வழி வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தெருக்களின் மேல் சென்னை மக்களே தண்ணீர் நிற்கும் தெருக்களைக் குறித்தார்கள். அந்த அறிவு எந்த அலுவலகத்திலும் இல்லை. கோட்டை இழுத்துவிட்ட அந்தப் பொறியாளருக்கும் தன் சந்தேகத்தைச் சொல்ல ஒரு இடம் இருந்திருந்தால், அவர் கோட்டைத் தொட்டிருக்கமாட்டார். இப்போது எங்கள் வலைப் பக்கத்தில் யாரும் ஒரு புள்ளி வைத்துக் குறிப்பு எழுதலாம். அது "சரிபார்க்க வேண்டியவை" என்ற தனி லேயரில் விழும். ஆள் போய்ப் பார்த்து, சர்வே எடுத்த பிறகே அசலில் ஏறும்.

அதில் ஃபிட்டர் ஒருவர் ஒருமுறை இப்படி எழுதியிருந்தார்: "வால்வு தார் ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. டீக்கடை முன்னால் உள்ள மின்கம்பத்திலிருந்து கிழக்கே 11 அடி." கைப்பேசி வைத்த புள்ளி கடைக்கூரையின் மேல் இருந்தது. நாங்கள் டேப்பைப் பிடித்துக் கம்பத்திலிருந்து 11 அடி அளந்து தோண்டினோம். ஓரடி ஆழத்தில் வால்வு மூடி தட்டுப்பட்டது.