திராட்சை மேல இருந்தது தூசி இல்லைங்க

இந்த மாசத்துல இது மூணாவது கேஸ். பழைய ஓவியங்களை சரி பண்றதுதான் என் வேலை. பழத்தட்டு வரைஞ்ச ஆயில் பெயிண்டிங் ஒண்ணு வந்துச்சு. "திராட்சை மேல மட்டும் தூசி போகவே மாட்டேன்னுச்சு, ஈரத்துணி வச்சு நல்லா தேச்சேன்"னாங்க. போயிடுச்சு. இப்ப கொத்து முழுக்க கறுப்பு கோலிகுண்டு மாதிரி பளபளன்னு இருக்கு.

அது தூசி இல்லம்மா, நெஜ திராட்சை மேல சாம்பல் பூத்த மாதிரி இருக்கும்ல, அதைத்தான் வரைஞ்சிருந்தாரு. அடர் ஊதா காஞ்சப்புறம், வெள்ளையில துளி நீலம் கலந்து, கிட்டத்தட்ட காஞ்ச பிரஷ்ல லேசா இழுத்து விடுறது. கடைசியா போட்டது, ரொம்ப மெலிசு, அதனால முதல்ல போறதும் அதுதான்.

"ஆயில்தானே, தண்ணி என்ன பண்ணும்?"னு கேக்காத ஆளே இல்ல. பெயிண்ட் தண்ணியில கரையாது, சரி. ஆனா அதுக்கு அடியில கேன்வாஸ் இருக்கு, பசை இருக்கு, பல படத்துல சுண்ணப்பூச்சும் இருக்கு, வெடிப்பு வழியா தண்ணி உள்ள போனா பசை ஊதும், துணி சுருங்கும், காஞ்சு வெறச்சுப்போன பெயிண்ட் மட்டும் கூட சுருங்காது, அப்படியே தூக்கிக்கிட்டு செதில் செதிலா உதிரும். அன்னிக்கே உதிராது, அதான் வினையே.

அடுத்து உருளைக்கிழங்கு! வெட்டின கிழங்கால படத்தைத் தேச்சா அழுக்கு போயிடும்னு அதையும் பண்ணிருக்காங்க. இதே படத்துல ஆரஞ்சுத் தோலோட சொரசொரப்புக்கு பெயிண்டை கெட்டியா புள்ளி புள்ளியா வச்சிருக்காரு, லென்ஸ்ல பாத்தா ஒவ்வொரு குழியிலயும் காஞ்ச கிழங்கு மாவு. யாரு கிளப்பிவிட்ட யோசனையோ.

மஞ்சளா தெரிஞ்சாலும் அழுக்குன்னு முடிவு பண்ணாதீங்க, வார்னிஷ் பழுத்திருக்கலாம். 17ஆம் நூற்றாண்டு டச்சு படங்கள் சிலதுல இலையே நீலமா இருக்கும், பச்சைக்குள்ள இருந்த மஞ்சள் சாயம் வெளுத்துப்போனதால. அதை எதால தொடைப்பீங்க?

பெயிண்ட் எங்கயும் தூக்காம இருந்தா மட்டும், மெத்துனு காஞ்ச பிரஷால தூசி தட்டுங்க. துணி வேணாம், நூல் மாட்டும். நேர் வெயில் வேணாம், அடுப்புப் பக்கமும் வேணாம். புதுசா கெட்டியா வரைஞ்ச படம்னா வழக்கமான வார்னிஷுக்கு 6 மாசத்துலேர்ந்து 1 வருஷம் பொறுங்க, மேல காஞ்சாலும் உள்ள காய நாளாகும். நாங்க எச்சில்ல பஞ்சை நனைச்சு தொடைக்கிறது உண்மைதான், ஆனா ஓரத்துல டெஸ்ட் பண்ணிட்டுதான், வீட்ல ஆரம்பிச்சிடாதீங்க.

ஆரஞ்சை குழி குழியா சுத்தம் பண்ணித் தரேன்னு சொல்லிருக்கேன். திராட்சைக்கு என்ன சொல்றதுன்னுதான் தெரியல, அவங்க இன்னும் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க.