கூரை மேல் ஒரு பிடி அரிசி

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் உள்ள எங்கள் பட்டறைக்குச் சென்ற மாதம் ஓர் இளைஞர் வந்தார். பத்து ஆண்டு முடிந்து, தொடர்ந்து ஓட்டுவதற்கான வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்த செடான் கார். டிக்கியில் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர், அதாவது அடித்தொனிக்கான ஸ்பீக்கர், இரண்டு. "அண்ணே, பாட்டைவிடத் தகரம்தான் அதிகம் கேட்கிறது. கார் முழுவதும் அதிர்வை அடக்கும் மேட் ஒட்டிவிடுங்கள்" என்றார்.

கார் முழுவதும் ஒட்டினால் எனக்கு நல்ல வருமானம்தான். ஆனால் முதலில் அலமாரியில் இருந்த அரிசி டப்பாவை எடுத்தேன். தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கூரை மேல் ஒரு பிடி அரிசியைப் பரவலாகத் தூவி, உள்ளே 25 ஹெர்ட்ஸில் தொடங்கி ஒற்றை ஒலியை மெல்ல ஏற்றினேன். 30 வரை அரிசி சும்மா கிடந்தது. 38ஐத் தொட்டதும் மணிகள் துள்ள ஆரம்பித்தன. துள்ளியவை எல்லாம் முன்பக்கக் குறுக்குச் சட்டத்துக்கு நேர் மேலே வரிசையாக ஒதுங்கின. தகடு ஆடாத இடத்தில்தான் அரிசி தங்கும். பின்சட்டம் இருக்கும் இடத்தில் ஒரு மணிகூடத் தங்கவில்லை. அங்கே தகடு சட்டத்தை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

காரின் கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, பெரும்பாலும் 0.7 மில்லிமீட்டர்தான். அதன் அடியில் குறுக்கே ஓடும் சட்டங்களுக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் போன்ற பசையைத் தொழிற்சாலையில் வைக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் காரில் அது காய்ந்து இறுகி விட்டுப்போகும். அதன்பின் கூரை, தாங்கல் இல்லாத பறைத்தோல்.

40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். கார் அறை அதில் பாதிகூட இல்லை. அதனால் உள்ளே காற்றழுத்தம் எங்கும் ஒரே நேரத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்குகிறது; கார் துருத்தியாகிவிடுகிறது. 130 டெசிபல் என்றால் ஏறத்தாழ 63 பாஸ்கல் அழுத்தம். ஒன்றரைச் சதுர மீட்டர் கூரையில் அது சுமார் 10 கிலோ எடைக்குச் சமம். 140 டெசிபலில் 30 கிலோ. அந்தச் சுமை வினாடிக்கு 40 முறை தகட்டை வெளியே தள்ளி உள்ளே இழுக்கிறது.

இதற்கு மேட் மட்டும் போதுமா? எவர்சில்வர் தட்டைத் தட்டிவிட்டு விரலால் தொட்டால் ஓசை அடங்கும். பியூட்டைல் ரப்பர் மேட் செய்வது அந்த வேலையைத்தான். அதே தட்டின் நடுவை அமுக்கினால், தொட்டுக்கொண்டிருக்கும் விரல் வளைவைத் தடுக்காது. வளையாமல் இருக்க அடியில் முட்டு வேண்டும். தாங்கல் இல்லாத தகட்டின் மேல் மூன்றடுக்கு மேட் ஒட்டுவதைக் காசைக் கரியாக்கும் வேலை என்றே சொல்வேன். தார் மேட் அதைவிட மோசம்; வெயிலில் இளகி வாடை அடிக்கும்.

உள்துணியைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, இடைவெளியில் நெகிழும் தன்மையுள்ள பாலியூரித்தேன் பசையை வைத்தேன். கல்லாக இறுகும் எபாக்ஸியை இங்கே பயன்படுத்தாதீர்கள். இறுகும்போது தகட்டை இழுத்து, வெளியே பெயின்ட்டில் கோடு காட்டிவிடும். முட்டுக் கொடுக்கிறேன் என்று அழுத்தித் திணித்தாலும் கூரை புடைக்கும். ஒரு பகல், ஓர் இரவு காயவிட்டு, சட்டங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டும் மேட் துண்டுகளை உருளையால் தேய்த்து ஒட்டினேன். கூரையின் ஓரங்களை நான் தொடவே இல்லை. பக்கவாட்டுக் காற்றுப்பை அங்கேதான் மடிந்து கிடக்கிறது. அதன் மேல் மேட்டோ பசையோ பட்டால், விரிய வேண்டிய நேரத்தில் அது ஒழுங்காக விரியாது.

கூரையைத் தாங்கும் தூண்களுக்குள் நுரை அடிக்கச் சொல்லி இன்னும் சிலர் வருகிறார்கள். நான் அடிப்பதில்லை. நுரை ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவைக் கூட்டும். பிறகு என்றாவது அங்கே வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும். நீர் போகும் வழியை அடைப்பதன் பலனை நான் நேரில் அனுபவித்தவன். தொழிலுக்குப் புதிதில் ஒரு காரின் கதவுகளுக்கு அடிவரை மேட் ஒட்டி, கீழே இருந்த வடிகால் துளைகளையும் சேர்த்து மூடிவிட்டேன். டிசம்பர் மழையில் அந்த வாடிக்கையாளர் திரும்பி வந்தார். கதவைத் திறந்தால் இளநீரைக் குலுக்கியதுபோல் உள்ளே களக் களக் என்றது. ஒட்டியதை எல்லாம் என் செலவில் பிய்த்தேன்.

பின் பம்பருக்குள் இருக்கும் காற்றுத் துவாரங்களையும் அடைக்கக் கூடாது. அடைத்தால் கதவு சாத்துவதே சிரமம்.

கூரைக்கு இரும்புக் குழாய் வெல்டிங் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கார் உடலின் கட்டமைப்பில் கை வைக்கும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். யார் காரில் ஒலி அதிகம் என்ற போட்டிக்காகவே கட்டும் கார்களில் கதவுக்குள் கான்கிரீட்கூட ஊற்றுகிறார்கள். அவற்றில் யாரும் தினமும் வேலைக்குப் போவதில்லை.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. எந்த அதிர்வெண்ணில் தகடு ஆடுகிறதோ அதை மட்டும், ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 3 டெசிபல் குறையுங்கள். ஆம்பிளிஃபயர் அந்த இடத்தில் தரும் சக்தி பாதியாகும்.

வேலை முடிந்ததும் மறுபடி அரிசி. 38இல் மணிகள் நடுங்கின, துள்ளவில்லை. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இரண்டு துண்டு நுரை டேப் ஒட்டியதும் பின்பக்கச் சத்தமும் நின்றது. ஆனாலும் முன்னால் எங்கோ டிக் டிக் என்று கேட்டது. கையால் ஒவ்வோர் இடமாகத் தடவிக்கொண்டே போனேன். டாஷ்போர்டில் இருந்த சின்னப் பிள்ளையார். அடியில் இருந்த பசை காய்ந்துபோயிருந்தது. குழாயில் மிச்சமிருந்த பாலியூரித்தேனில் அவருக்கும் ஒரு சொட்டு வைத்தேன்.