காதல் முறிந்தால் வயிறு வலிக்குமா?

தருமபுரியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ‘பிரேக்கப் ஆயிடுச்சு’ என்று சொல்லிக்கொண்டு என்னிடம் யாரும் வருவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்றுதான் வருவார்கள். காதலித்ததே வீட்டுக்குத் தெரியாது, அப்புறம் அது முறிந்ததை மட்டும் யாரிடம் சொல்லி அழுவது? சாவு வீடென்றால் நாலு பேராவது வந்து பக்கத்தில் உட்காருவார்கள், இதற்கு அதுவும் கிடையாது.

பாலக்கோடு பக்கத்துப் பெண் ஒருத்தி (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்), ஓசூரில் கம்பெனி வேலை, ஹாஸ்டல் வாசம். தீராத வயிற்று வலி என்று அம்மா கூட்டி வந்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அம்மா வெளியே போனதும் போனை எடுத்து நீட்டினாள். பிரிந்துபோன காதலன் வாட்ஸ்அப்பில் கடைசியாக எத்தனை மணிக்கு வந்தான் என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எடுத்து வைத்திருந்தாள், ராத்திரி இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும்கூட.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று திட்டாதீர்கள். காதலில் கைவிடப்பட்டவர்களுக்கு அந்தத் துணையின் போட்டோவைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. போதைப்பொருள் ஏக்கத்தில் வேலை செய்கிற அதே பகுதிகள் அவர்களிடமும் தூண்டப்பட்டிருந்தன. அதனால்தான் ‘மறந்துடு’ என்று சொன்னால் மறக்க முடிவதில்லை. ஒவ்வொரு முறை டிபி பார்க்கும்போதும் ஏக்கம் திரும்பக் கிளம்பும். நம்பரை மியூட் செய்யுங்கள், போட்டோக்களை நம்பிக்கையான தோழியிடம் கொடுத்துவிட்டு உங்கள் போனிலிருந்து எடுத்துவிடுங்கள், ராத்திரி போனை வேறு அறையில் வையுங்கள். பசிக்காவிட்டாலும் நேரத்துக்குக் கொஞ்சமாவது சாப்பிடுங்கள். ஒரே ஒருவரிடமாவது முழுக்கதையையும் சொல்லி அழுதுவிடுங்கள்.

பையன்களுக்கு நண்பர்கள் கொடுக்கிற வைத்தியம் சரக்கு. தயவுசெய்து வேண்டாம். போதை துக்கத்தைக் குறைக்காது, நிதானத்தைத்தான் குறைக்கும், அந்த நேரத்தில் எடுக்கிற முடிவுகள்தான் எனக்குப் பயம்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பல காதல்கள் அந்த இரண்டு பேரும் பேசி முடிவதில்லை, சாதியைச் சொல்லி வீட்டார் முடித்துவைக்கிறார்கள். கையோடு மாப்பிள்ளையோ பெண்ணோ பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். அந்தத் துக்கம் அப்படியே புது வீட்டுக்குப் போகும், ஒன்றும் அறியாத இன்னொருவரும் சேர்ந்து கஷ்டப்படுவார். கொஞ்ச காலம் விடுங்கள், திட்டாமல் பக்கத்தில் இருங்கள்.

பிரிந்தவர், உங்கள் போட்டோவை வெளியிடுவேன் என்று மிரட்டினால் பணிந்து போகாதீர்கள், மெசேஜ்களை அழிக்காமல் வைத்து சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். பெண்கள் தங்களுக்கான உதவி எண் 181-ஐயும் அழைக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேலும் வேலைக்குப் போக முடியவில்லை, தூங்க முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. 18 வயது நிரம்பியிருந்தால் தனியாகவே வரலாம். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும்தான் அதற்கு விலக்கு.